நாற்பத்தோராம் வரி

ஒரு புதன்கிழமை பதினொன்றே முக்கால் மணி டவுன் பஸ்ஸில் எங்கள் வெள்ளாங்குறிச்சிக்கு வந்து இறங்கிய சாத்தனும் அவன் மனைவி கூதளியும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் என்பதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோருமே அப்படித்தான் உணர்வார்கள். எங்களுக்கு இருந்த ஒரே சந்தேகம், சாத்தன் மடியில் வைத்திருந்த, படகு போல வயிறும் வில் போல வளைந்த கழுத்தும் தோல் போர்த்திய உடம்புமாக இருந்த அந்த யாழுக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தது நியாயமா இல்லையா என்பதுதான். அதைப் பற்றி டீக்கடையில் சாயங்காலம் வரை பேசினோம்.

அவர்கள் பாணர்கள். அரசன் வாசலில் போய் நின்று அவன் புகழைப் பாடி, சோறும் துணியும், கொடுத்தால் பொன்னும் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடப்பது அவர்கள் தொழில். அவன் யாழை மீட்டுவான், பாடினியான அவள் பாடுவாள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் எதிரே பசியோடு வருகிற பாணனைக் கண்டால், தான் போன வழியை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்ன மலையைத் தாண்டு, இன்ன ஆற்றில் இறங்கு, இன்ன ஊரில் இன்னவன் இருக்கிறான், போய்ப் பாடு, என் பேரைச் சொல்லு என்று. ஓர் ஆபீசில் வேலை காலி என்றால் கூடப்பிறந்தவனுக்குக்கூடத் தெரியாமல் விண்ணப்பம் போடுகிற எங்களுக்கு இதை நம்பக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

அப்படி எதிரே வந்தவன் ஒருவன், மூக்கு முட்டத் தின்ற மயக்கத்தில், பொதிகை மலையை இடக்கைப் பக்கம் விட்டுப் போ என்பதற்குப் பதிலாக வலக்கைப் பக்கம் விட்டுப் போ என்று சொல்லிவிட்டான். சாத்தனும் கூதளியும் வலக்கைப் பக்கம் விட்டார்கள். அதற்கப்புறம் வேறு யாரிடமும் வழி கேட்பது முதலில் சொன்னவனை அவமதிப்பதாகும் என்பதால் கேட்கவே இல்லை. கடல் வந்தால் கரையோடு நடந்தார்கள், காடு வந்தால் காட்டுக்குள் நடந்தார்கள், வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள், ராஜாக்கள் செத்து நவாபுகள் வந்து, வெள்ளைக்காரன் வந்து, அவனும் போய், சாலைக்குத் தார் போட்டு, போட்ட தார் பெயர்ந்து, மறுபடி டெண்டர் விட்டு, அத்தனையும் ஆகிற வரைக்கும் நடந்து, மலையை முழுசாகச் சுற்றிக்கொண்டு, கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பஸ் ஏறி, ஆரைவேள் என்கிற அரசனுடைய அரண்மனை இருக்க வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்தில் இப்போது கால்நடை மருந்தகம் இருக்கிறது.

"ராசா இருக்காகளா?" என்று கூதளி கேட்டாள்.

"டாக்டர் லீவு. நாளைக்கு வாங்க" என்றார் கம்பவுண்டர்.

ராஜா இல்லை என்பதை விளக்கிச் சொன்னதும் சாத்தன் பெரிதாக வருத்தப்படவில்லை, மதியச் சாப்பாடு எங்கே என்று விசாரித்தான். கூதளிதான் மருந்தக வாசலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அதை அன்றைக்கே வெளிப்படையாகச் சொன்னாள். ஆரைவேளுக்கென்று கட்டிய நாற்பத்தொரு வரிப் பாட்டு அவள் தொண்டையில் இருக்கிறது; அதை ஒருவன் எதிரே முழுசாகப் பாடி இறக்காமல் அடுத்த பாட்டு வராது. வழியெல்லாம் அவள் மனதில் எத்தனையோ பாட்டுகள் கட்டி வைத்திருக்கிறாள், கரும்பு லாரி பற்றி ஒன்று, கிணற்றில் விழுந்த நிலா பற்றி ஒன்று, கலெக்டர் ஆபீஸ் வராண்டா பற்றிக்கூட ஒன்று. எதைப் பாட வாயைத் திறந்தாலும் இதே கிழட்டுப் பாட்டுத்தான் முன்னால் வந்து நிற்கிறது.

"இரண்டாயிரம் வருசமா ஒரே பாட்டு. எனக்கே சலிச்சுப் போச்சு. யார் தலையிலயாச்சும் இத எறக்கணும்" என்றாள்.

ராஜா செத்துப் போயிருந்தால் அந்த மண்ணில் வாழ்கிற வேறு ஒருவருக்குப் பாடலாம், விதி அவ்வளவு கறாரில்லை என்று சாத்தன் சொன்னான். அவ்வளவுதான், ஊர் சுறுசுறுப்பாகிவிட்டது. பூட்டிக் கிடந்த வாசகசாலையைத் திறந்து அவர்களைத் தங்க வைத்தோம். கிராம நிர்வாக அலுவலர் முதியோர் உதவிக்கு எழுத வந்தார். கம்ப்யூட்டரில் வயது இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏறவில்லை என்பதால் இருவருக்கும் தொண்ணூற்றொன்பது என்று போட்டு, இனிஷியல் கேட்டு, அது இல்லையென்றதும் அவர்தான் நிஜமாகவே திகைத்துப் போனார்.

யாழில் ஏழு நரம்புக்கு மூன்றுதான் மிச்சம். அதைப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சையிடம் கொண்டுபோனோம். பூப்பந்து மட்டைக்கு நரம்பு பின்னுவதில் அவனைப் போல ஆள் மாவட்டத்தில் கிடையாது. மாநிலப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள்கூட அவன் கடையில்தான் வந்து நிற்பார்கள். அவன் யாழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மட்டைக்கு முறுக்குவதைப் போலவே ஒவ்வொரு நரம்பையும் முறுக்கி, விண்ணென்று ஏற்றி, தன் கடை முடிச்சைப் போட்டுக் கொடுத்தான்.

முதலில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ரைஸ்மில் ஆவுடையப்பன். முதல் நாள் பாணர்களுக்கு இலை போட்டு, அப்பளம் பொரித்து, பாயசத்தோடு சாப்பாடும் போட்டிருந்தார். பேரூராட்சித் திடலில் நாங்கள் கூடினோம். கூதளி கண்ணை மூடி, இவன் மழைக்கு மூத்தவன் என்றாள், ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். இவன் வாசலுக்குக் கதவு இல்லை என்றாள், அவர் மில்லின் இரும்புக் கதவை நினைத்து லேசாக நெளிந்தார். மூன்றாவதாக, படிக்குள் கட்டைவிரலை விட்டு அளக்காதவன் என்று அவள் உச்சத்தில் எடுத்தபோது யாழ் நரம்பு டங்கென்று அறுந்தது.

பின்வரிசையில் ஒரு பெண், "அப்பவே சொன்னேம்லா!" என்றாள், அவ்வளவு பேரும் சிரித்தோம், ஆவுடையப்பன் நாற்காலியைத் தானே மடக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் மில்லில் அரிசி வாங்கினால் மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்கள்.

எங்கள் ஊர் அதற்கப்புறம் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நரம்பு பொய்யைத் தாங்காது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் தனக்கு மட்டும் தாங்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். வாரம் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், பாட்டு ஓர் இடத்தில் அறுந்தது, அறுந்த இடத்தை வைத்து அவர்கள் வாழ்க்கையை நாங்கள் திறந்து பார்த்தோம். பாட்டு எங்களுக்கு மனப்பாடமாயிற்று, அறுந்த இடம் வரைக்கும். "அவன் நாலாம் வரி ஆளுடே, ஜாமீன் போட்டுராத" என்று பேசிக்கொண்டோம். பெண் கொடுக்கப் போனவர்கள் பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதை விட்டு, எத்தனையாவது வரி வரை தாங்குவான் என்று கேட்டார்கள். தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் பத்தொன்பதாவது வரி வரை போய், ஊரான் பிள்ளையைத் தன் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதவர் என்கிற இடத்தில் அறுந்தார். அப்போதைக்கு அதுதான் ஊர் சாதனை, அவர் மகள் மட்டும் அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினாள்.

பேரூராட்சித் தலைவர் வெள்ளத்துரை ஆறாவது வரியில் விழுந்தார். தன் பேரைத் தானே எழுதி வைக்காதவன் என்பது அந்த வரி. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் அவருடைய பதினான்கு பிளெக்ஸ் பலகைகள் இருந்தன, ஒன்றில் அவர் சிங்கத்தின் மேல் கை போட்டிருந்தார். இரண்டே நாளில் அத்தனையும் இறங்கின. கீழத்தெருவில் அவற்றை மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள், மாடுகள் தலைவரின் சிரிப்புக்கு அடியில் படுத்து அசைபோட்டன, பாலும் குறையவில்லை.

ஆனால் வெள்ளத்துரை லேசில் விடுகிற ஆளில்லை. வாசகசாலைக்குப் போய், கட்டில் போட்டு, மின்விசிறி மாட்டி, மூன்று வேளையும் வீட்டிலிருந்து அடுக்குச் சாப்பாடு அனுப்பினார்.

"யக்கா, வாற வெள்ளிக்கிழம மறுபடி ஒக்காருதேன். இந்தத் தடவ முழுசாப் பாடிரணும். பாடி முடிச்சப்பொறம் நீங்க எங்கயும் போகாண்டாம். எலக்சன் வருதுல்லா, தெனமும் நம்ம மேடதான், நம்ம புகழுதான். சாகுத வரைக்கும் சோத்துக்குக் கவல கெடையாது."

"இந்த ஊர்ல கோழி நல்லாருக்கு" என்றான் சாத்தன், ஒரு காலைக் கடித்தபடி.

சாகிற வரைக்கும் என்று அவர் சொன்னதைக் கூதளி விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கைவிட்டாள், ஏனென்றால் அவள் விஷயத்தில் அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இறக்காவிட்டால் இந்தக் கிழட்டுப் பாட்டு. இறக்கினால் வெள்ளத்துரை புகழ்.

இந்த இடத்தில் மைதீன் பிச்சையின் மனசாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை நரம்பு அறுந்தபோதும் யாழ் அவன் கடைக்குத்தான் போயிற்று. நான்காம் தடவை அவன் அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நரம்பு நடுவில் அறுந்திருக்கவில்லை. அவன் போட்ட முடிச்சின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. பூப்பந்து மட்டையின் விறைப்பை யாழுக்கு ஏற்றிவிட்டான், அதுவும் பழைய சுருளில் மிஞ்சிய மட்டமான நைலானில். அவள் உச்சத்தில் எடுக்கும்போதெல்லாம் சாத்தன் ஓங்கி மீட்டுவான், ஓங்கி மீட்டினால் ஏதாவது ஒரு வரியில் அது அறுந்தே தீரும். எதிரே உட்கார்ந்திருப்பவன் திருடனா தியாகியா என்பது அதற்குத் தெரியாது. ஆவுடையப்பனின் கட்டைவிரலும் வெள்ளத்துரையின் பிளெக்ஸும் எஸ்தர் டீச்சரின் மகளும் அவனுடைய ஒரு முடிச்சினால் ஊர் சிரிக்கும்படி ஆனவை என்று நினைத்தபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே சொல்லவும் பயம். அரிசிக்கு மேல் விழுகிற அந்த ஒரு கை நின்றுபோகும், பலகைகள் மறுபடி ஏறும்.

வியாழக்கிழமை முற்பகல் கூதளி கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பேச்சை மைதீன் பிச்சையே பின்னால் எங்களிடம் சொன்னான்.

"யக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று அவன் ஆரம்பித்து, மட்டை, நைலான், முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏலே தம்பி, இரண்டாயிரம் வருசமா நரம்புச் சத்தத்தக் கேக்குதவளுக்கு நல்ல நரம்பு எது நொள்ள நரம்பு எதுன்னு தெரியாதா? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அந்தக் காலத்துல ஆட்டுக்குடல்லதான் நரம்பு. மழ பெஞ்சா தானா அறுந்துபோவும். அறும்போது ராசா மூஞ்சியப் பாக்கணுமே நீ! மறுநாளே ஏரி வெட்டுவான், வரிய கொறைப்பான். புகழுக்காகச் சோறு போட்டாகன்னா நெனைக்க? நரம்புக்குப் பயந்துல்லா போட்டாக. எங்க தொழிலே அதுலதான் ஓடிச்சு."

மைதீன் பிச்சை அறுந்த நரம்புத் துண்டை விரலில் சுற்றினான். பிறகு, "அப்போ இப்படியே விட்டுருவமா? ஊரு நல்லாத்தான இருக்கு?" என்றான்.

அவள் சிரிப்பு நின்றது. "ஊரு நல்லாருக்கு. எம்பாட்டு?" என்றாள். "உள்ள எத்தன கெடக்கு தெரியுமா? ஒண்ணையாச்சும் பாடிப் பாக்கணும்டே. நாளைக்கு நல்லா கட்டிக் குடு."

"நாளைக்கு ஒக்காருதது தலைவரு. முழுசாப் பாடிட்டா ஒங்கள விடவே மாட்டாரு."

"முழுசாப் பாடினா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாது. இந்த ஊர்ல யாரும் முழுசாக் கேட்டதில்லல்லா. பாட்டு முடிஞ்சா அது அவன் மேல ஏறிரும். நாப்பத்தொரு வரியும். அப்படியே இருந்துதான் ஆவணும், கழத்திப் போட முடியாது. ராசாமாரு முக்கால்வாசிப் பேரு முப்பதாம் வரியிலயே, போதும் போதும், பரிச வாங்கிக்கிட்டுக் கெளம்புன்னு எந்திரிச்சிருவாக. கடேசி வரி ஒண்ணு இருக்கு. அது எங்களுக்குன்னு நாங்க வச்சுக்கிட்டது."

அன்றைக்கு மைதீன் பிச்சை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மாநிலப் போட்டிக்கென்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த நல்ல நரம்புச் சுருளைப் பிரித்தான். முறுக்கைத் தளர்த்தினான், முடிச்சை மாற்றினான், ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டான். இருபது வருஷத் தொழிலில் கட்டிய நரம்பைக் காதால் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தண்ணீர்த் தொட்டி ஏணியில்கூட ஆட்கள் தொங்கினார்கள். வெள்ளத்துரை வெள்ளை வேட்டியும் ரோஜா மாலையுமாக வந்து உட்கார்ந்தார். அறும் என்று நம்பி வந்த எங்களுக்குக் கேலி பேச நாக்கு அரித்தது.

மூன்றாம் வரி தாண்டிற்று. ஆறாம் வரி வந்தது, கூதளி உச்சத்துக்குப் போனாள், சாத்தன் ஓங்கி மீட்டினான், நரம்பு கணீரென்று நின்றது. ஐயோ என்று ஒரு சத்தம் எங்களிடமிருந்து எழுந்தது, வெள்ளத்துரையின் முகம் பூரித்தது. ஒன்பதாவதாக, செருப்பில்லாதவன் முன் செருப்போடு நில்லாதவன் என்று அவள் பாடியபோது அவர் கால்கள் செருப்பிலிருந்து தாமாக வெளியே வந்தன, அவர் அதைக் கவனிக்கவில்லை. பத்தொன்பதாம் வரி தாண்டியபோது எஸ்தர் டீச்சர் எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டாவதாக, கேட்டவனை ஏன் என்று கேளாதவன் என்று அவள் பாட, கீழத்தெருக்காரர் ஒருவர் விளையாட்டாக, "அண்ணாச்சி, அந்த வாச்சத் தாரும்" என்றார். வெள்ளத்துரை கழற்றிக் கொடுத்தார். கொடுத்த கையை அவரே ஒரு பயத்தோடு பார்த்தார். அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியுமா? ஒருவர் மாலையைக் கேட்டார், ஒருவர் கீழத்தெருவுக்குச் சாக்கடை கேட்டார், ஒருவர் நாற்காலியையே கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றபடி எழுந்து, வெறுங்காலோடு மண்ணில் நின்றார். முப்பதாம் வரியில், போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவிடாமல் கூட்டம், பாடு பாடு என்று கத்தியது.

நாற்பத்தோராம் வரி, பாடியவளைத் தன் வாசலில் நிறுத்தி வைக்காதவன் என்பது.

அதைப் பாடிவிட்டு அவள் நிறுத்தினாள். வெள்ளத்துரை மேடை, எலக்சன், தினமும் பாட்டு என்று என்னென்னவோ சொல்ல முயன்றார், உதடு அசைந்தது தெரிந்தது. கடைசியில் வெளியே வந்தது, "யக்கா, ஒங்களுக்கு எங்க போணும்னு தோணுதோ அங்க போங்க" என்பது மட்டும்தான். அவர் இன்றைக்கும் தலைவராகத்தான் இருக்கிறார், இனி எத்தனை தேர்தல் வந்தாலும் அவரே இருப்பார், பாவம், அவரை விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. கூட்டங்களில் தன் பேரைச் சொல்ல வராமல் அவர் திணறும்போது நாங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

கூதளி ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். தொண்டையைத் தடவினாள், பயந்தவள் போல ஒரு தடவை கனைத்தாள். பிறகு இதுவரை எவரும் கேட்டிராத ஒரு மெட்டில், தணிந்த குரலில், தன் புதுப் பாட்டை எடுத்தாள். சாத்தன் உற்சாகமாக மீட்டினான். அவன் விரல்கள் பழைய பாட்டுக்கே போயின. மறுபடி தேடினான், மறுபடியும் அங்கேயே போயின. அவனுக்கு வேறொன்று தெரியாது.

"நீ அதக் கீழ வையி" என்றாள் அவள் அன்பாக. அவன் யாழை மண்ணில் கிடத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் வரி அவனைப் பற்றி, அவன் குறட்டையைக் கேட்டு மூன்று பட்டாளங்கள் திசை மாறிப் போனது பற்றி. நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இரண்டாவது வரி, அடுத்தவனுடைய நரம்பு அறுவதைக் கேட்க அரைமணி நேரம் முன்னால் வந்து இடம் பிடிக்கிற ஓர் ஊரைப் பற்றி.

சிரிப்பு நின்றது. அறும் என்று எல்லோரும் பழக்கத்தில் யாழைப் பார்த்தோம். அது மண்ணில் கிடந்தது, ஏழு நரம்பும் முழுசாக. மெய்யா பொய்யா என்று சொல்ல வேறு எதுவும் அங்கே இல்லை, நாங்கள்தான் இருந்தோம், பொய் என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் மூன்றாம் வரிக்குப் போனாள்.

அந்தப் பாட்டுக்கு எத்தனை வரி என்று அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். முடித்தால் அது எங்கள் மேல் ஏறிவிடும் என்பதை மைதீன் பிச்சை மறுநாளே கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டான். வாசகசாலைக்குக் காலையில் ஒரு வீட்டிலிருந்து இட்லி போகிறது, மதியம் ஒரு வீட்டிலிருந்து மீன்குழம்பு, சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து சுக்குக் காப்பி. எல்லாம் நல்லபடியாகச் செய்து அனுப்புகிறோம், ஏதாவது குறையா என்று பணிவாகக் கேட்கிறோம், அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை.